பூஜ்யத்தையும் எழுதுங்கள்

முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் நடக்கிற பாறு கழுகுக் கணக்கெடுப்புக்கு எப்படிப் பெயர் கொடுப்பது, போனால் அங்கே என்ன வேலை இருக்கும், கழுகு நிச்சயமாகப் பார்க்கக் கிடைக்குமா என்று கொஞ்ச நாளாகவே பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நிச்சயம் கிடையாது. இரண்டு நாளும் ஒரே பாறைமேல் உட்கார்ந்து, வெயிலில் காய்ந்து, ஒரு கழுகைக்கூடப் பார்க்காமல் இறங்கி வருகிறவர்கள் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் உண்டு. அப்படி வருகிறவர் நீட்டும் படிவமும் இருபது கழுகு பார்த்தவரின் படிவமும் ஒரே மதிப்புள்ளவை. நான் இதை ஆறுதலுக்காகச் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, இந்த வேலையின் அடிப்படையே அதுதான்.

பரத்பூரில் நடந்தது தெரிந்தால் நான் சொல்வது புரியும். ராஜஸ்தானில் இருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்கா நீர்ப்பறவைகளுக்குப் பேர்போன இடம் என்றாலும் உள்ளே மரக்காடும் உண்டு, அந்த மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்தபோது 1987-88 பருவத்தில் 353 ஜோடிகள் கூடு கட்டியிருப்பதாக எண்ணிக் குறித்துவைத்தார். அந்தக் காலத்தில் இந்தியாவில் பாறு ஒரு அரிய பறவையே இல்லை. மாடு செத்தால் ஊருக்கு வெளியே இழுத்துப் போடுவார்கள், சில மணி நேரத்தில் எலும்புதான் மிஞ்சும். அவ்வளவு சாதாரணமாக இருந்த ஒரு பறவையை உட்கார்ந்து எண்ணுவானேன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் 1996-97இல் அதே இடத்தில் எண்ணியபோது 150 ஜோடிதான் இருந்தது. கழுத்தைத் தொங்கப் போட்டபடி கிளையில் உட்கார்ந்திருந்த கழுகுகள் அப்படியே செத்து விழுந்தன. 2003இல் அங்கே கூடு கட்ட ஒரு ஜோடிகூட மிச்சமில்லை.

அந்த 353 என்ற எண் இல்லாமல் இருந்திருந்தால்? “முன்னெல்லாம் நிறைய இருந்துச்சு, இப்பக் காணோம்” என்ற பேச்சுதான் மிஞ்சியிருக்கும். பாறுகளைக் கொன்றது மாட்டுக்குப் போடுகிற ஒரு வலி மருந்து, அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்; வெறும் பேச்சை வைத்து எந்த அரசாங்கமும் எந்த மருந்தையும் தடை செய்யாது. பரத்பூருக்கு வெளியிலும் இப்படித்தான். 1990-களின் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் சாலையோரமாக வண்டியில் போய் வேட்டைப் பறவைகளை எண்ணியிருந்தார்கள். 2000இலும் அதற்குப் பிறகும் அதே சாலைகளில் திரும்பப் போய் எண்ணினார்கள். அந்த ஒப்பீட்டில்தான் 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் அழிந்துபோனது தெரிந்தது. ஆயிரத்துக்கு ஒன்று மிஞ்சியது. பல சாலைகளில் அவர்கள் எழுதிக்கொண்டு வந்தது பூஜ்யம்தான்.

நம் ஊரில் இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் இருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் மலைக்கோயிலில் உச்சிவேளைக்கு இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்து பண்டாரம் வைக்கிற சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுப் போனதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 1990-களின் இறுதிக்குப் பிறகு அவை வருவதில்லை. அந்த இரண்டு வராமல் போனது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் நம் கிராமங்களில் மாடு கிடந்தால் இறங்கிய கூட்டங்களைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்த வருடம் வரை வந்தன, எத்தனை வந்தன என்றால் ஒருவரிடமும் பதில் இருக்காது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

இப்போது தமிழ்நாட்டில் பாறுகள் கூடு கட்டி வாழ்வது முக்கியமாக மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் அதை ஒட்டிய சீகூர் பீடபூமியிலும்தான். நீலகிரியின் வடக்குச் சரிவில் மழைமறைவில் கிடக்கிற காய்ந்த காடு அது. முள்மரங்கள், உண்ணிச்செடிப் புதர், நடுவே ஆறு, ஆற்றோரம் மட்டும் வானுயர்ந்த நீர்மருதுகள். புலியும் செந்நாயும் அடித்துப் போடுகிற கடமானும் புள்ளிமானும் இருப்பதால் இங்குள்ள பாறுகளுக்குப் பெரும்பாலும் காட்டு இரையே கிடைத்துவிடுகிறது, மருந்து ஏறிய மாட்டை நம்பியிருக்க வேண்டியதில்லை. இவை தப்பிப் பிழைத்ததற்கு முக்கியக் காரணமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு என நான்கு வகையும் இங்கே உண்டு. முதல் மூன்றும் உலக அளவில் அழிவின் விளிம்பில் இருப்பவை என்ற பட்டியலில் இருக்கின்றன. இவற்றில் அதிகம் கண்ணில் படுவது வெண்முதுகுப் பாறு. எப்போதாவது குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வழிதவறி வந்த பெரிய பாறு ஒன்றைப் பார்த்ததாகச் செய்தி வரும், அன்றைக்குப் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வேறு பேச்சே இருக்காது.

சரி, கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். தமிழ்நாடு, கர்நாடகா, கேரளா ஆகிய மூன்று மாநில வனத்துறைகளும் பேசிவைத்து இரண்டு நாளைக் குறிப்பார்கள். முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர், நாகரஹொளே, பிலிகிரிரங்கன் மலை, வயநாடு என்று இந்தக் காடு நீளுகிற இடமெல்லாம், வானம் நன்றாகத் திறந்து தெரிகிற பாறை, மேடு, கண்காணிப்புக் கோபுரம் என்று பார்த்து ஆள் போடுவார்கள். எல்லா இடத்திலும் ஒரே நாள், ஒரே நேரம். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒரு பாறு இறக்கையை விரித்தால் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் இருக்கும், மேலேறுகிற வெப்பக்காற்றில் ஏறிக்கொண்டால் இறக்கையை அசைக்காமலே நூறு கிலோமீட்டர் போய்விடும். காலையில் வயநாட்டில் பார்த்த கழுகு மதியம் முதுமலையில் இருக்கலாம், சாயங்காலம் பந்திப்பூரில் அடையலாம். மாநில எல்லை நமக்குத்தான். முதுமலையில் ஒரு வாரம், பந்திப்பூரில் அடுத்த வாரம் என்று எண்ணினால் ஒரே கழுகை மூன்று மாநிலமும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

தன்னார்வலர்களை முன்தினமே வரச்சொல்லி ஒரு கூட்டம் போடுவார்கள். அடையாளம் காண்பது எப்படி, படிவத்தை நிரப்புவது எப்படி என்று சொல்லி, பிறகு சரகம் வாரியாகப் பிரித்து ஜீப்பில் ஏற்றி அனுப்புவார்கள். ஒரு இடத்துக்கு ஒரு வனக்காப்பாளர் அல்லது வேட்டைத் தடுப்புக் காவலர், கூட ஒன்றிரண்டு தன்னார்வலர்கள். இரவு தங்கல் பெரும்பாலும் வேட்டைத் தடுப்பு முகாமில். சோறும் குழம்பும் அவர்களே வைத்துக் கொடுப்பார்கள். அகழி தாண்டி யானை நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கைகழுவவே வெளியே வர முடியும்.

காலையில் போய் உட்கார்ந்ததும் முதல் இரண்டு மணி நேரம் வானம் காலியாகத்தான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். போன முறை என்னோடு வந்த கல்லூரிப் பையன் எட்டரை மணிக்கே, “இந்த இடம் சரியில்ல போலண்ணா, வேற இடம் கேட்டுப் பாக்கலாமா?” என்றான். எங்களோடு இருந்த காவலர் இருளர் சமூகத்துக்காரர், அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இன்னும் வெயிலு ஏறலீங்க தம்பி. பாறை சுட்டாத்தான் அது எந்திரிக்கும்.” அவர் சொன்னதுதான் விஷயம். ஐந்தாறு கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு இறக்கை அடித்தே பறப்பது பாறுக்குக் கட்டுப்படியாகாது. தரை சூடாகி, காற்று மேலே எழும்பத் தொடங்கும் வரை மரத்திலேயே இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பிப்ரவரியில் ஒன்பதரை, பத்து ஆகிவிடும்.

பிறகு வருகிறது பாருங்கள், அது வேறு. எதிர்மலை முகட்டுக்கு மேலே ஒரு புள்ளி, பக்கத்தில் இன்னொன்று. பைனாகுலரில் வைத்தால் இறக்கை இரண்டும் பலகை போல நேராக, நுனியில் விரல் விரித்த மாதிரி இறகுகள். பையன் “பாறு!” என்று எழுந்தே விட்டான். காவலர் வெறும் கண்ணால் பார்த்துவிட்டு, “அது பருந்துங்க. வாலு பொளந்திருக்கு பாருங்க, அதுக்குப் பின்னாடி மேல வர்றதுதான் நம்மாளு” என்றார். உண்மைதான். முன்னால் வந்தது கரும்பருந்து, வாலைத் திருப்பித் திருப்பிப் பறந்தது. பின்னால் வந்தது எதையும் திருப்பவில்லை, ஒரு பெரிய வட்டம் போட்டுக்கொண்டே எங்கள் தலைக்கு நேராக வந்தது. அடியிலிருந்து பார்க்கும்போது இறக்கையின் முன்பாதி பளிச்சென்று வெள்ளை, பின்பாதி கறுப்பு. வளர்ந்த வெண்முதுகுப் பாறு. அது வட்டத்தில் ஒரு பக்கம் சாய்ந்தபோது, முதுகின் கீழ்ப்பகுதியில் இருந்த வெள்ளைத் திட்டு ஒரு நொடி தெரிந்து மறைந்தது. மணி 10.20, ஒன்று, முதிர்ந்தது, தென்கிழக்கிலிருந்து வந்து வடக்கே போனது. இவ்வளவும் படிவத்தில் ஏற வேண்டும், அதுவும் அப்போதே. “அப்புறம் எழுதிக்கலாம்” என்று விட்டால் திசையும் நேரமும் குழம்பிவிடும், அவை குழம்பினால் சாயங்காலம் நடக்கிற வேலை கெட்டுவிடும்.

முதிர்ந்ததா இளசா என்று எழுதச் சொல்வதைச் சிலர் சும்மா ஒரு சம்பிரதாயம் என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஒரு வெண்முதுகுப் பாறு ஜோடி ஒரு பருவத்தில் இடுவது ஒரே ஒரு முட்டை. அந்தக் குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்பி, வளர்ந்து, தானே கூடு கட்டுகிற வயதுக்கு வர ஐந்து வருடம்போல ஆகும். ஆகவே மொத்த எண்ணிக்கை அப்படியே இருந்தாலும் இளம் பறவைகள் கண்ணில் படவே இல்லை என்றால் அது கெட்ட செய்தி. இளம் வெண்முதுகுப் பாறுக்கு முதுகில் அந்த வெள்ளை இருக்காது, இறக்கையின் அடியிலும் பளிச்சென்ற வெள்ளை இருக்காது, மெல்லிய வெளிர்கோடுதான் இருக்கும், உடல் முழுக்கப் பழுப்பாகக் கீற்றுக் கீற்றாக இருக்கும். தூரத்தில் இதைக் கருங்கழுத்துப் பாறோடு குழப்பிக்கொள்வது சுலபம். சந்தேகம் இருந்தால் ‘வகை தெரியாத பாறு’ என்று எழுத இடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஊகித்து எழுதிய பெயரைவிடத் ‘தெரியவில்லை’ ஆயிரம் மடங்கு உதவும்.

செம்முகப் பாறு பற்றி எழுதாமல் தாண்டிப்போக மனசு வரவில்லை. மற்றவை கூட்டமாகத் திரியும், இது தனியாகவோ ஜோடியாகவோதான் வரும். உடம்பு கறுப்பு, தலையும் கழுத்தும் இறகே இல்லாமல் சிவப்பு, கழுத்தின் இரு பக்கமும் தொங்குகிற தோல்மடிப்பு, தொடையில் வெள்ளைத் திட்டு. ஸ்கோப் என்கிற பெரிய தொலைநோக்கி வைத்துப் பார்க்கிற தூரத்தில் அது ஒரு பட்டமரத்தில் உட்கார்ந்திருந்தால் கண்ணைப் பாருங்கள்: ஆணுக்கு விழி வெளிறியிருக்கும், பெண்ணுக்குக் கரும்பழுப்பு. காலையில் ஒரு ஜோடி பக்கத்துப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்தபோது அந்த வித்தியாசத்தை முதன்முதலில் ஸ்கோப்பில் பார்த்தேன். ஆண் தலையைச் சாய்த்து எங்களை நேராகப் பார்த்தது, அந்த வெளிர்விழியில் நடுவில் இருந்த கறுப்புப் புள்ளிகூடத் தெரிந்தது. இந்த நாட்டிலேயே சொற்பமாக மிஞ்சியிருக்கிற ஒரு பறவை நம்மைத் திரும்பிப் பார்க்கிறது என்று தோன்றியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இந்த வகையைப் பார்த்தால் ஒன்றே ஒன்றானாலும் பால், வயது, நேரம் எல்லாவற்றையும் விடாமல் எழுதுங்கள்.

சாயங்காலம் எல்லாப் படிவமும் ஒரே இடத்துக்கு வரும், உண்மையான கணக்கு அங்கேதான் நடக்கிறது. 11.10க்கு ஒரு மேட்டிலிருந்து எட்டு வெண்முதுகுப் பாறு, இரண்டு இளசு உள்பட, வடக்கே போவதாக ஒருவர் எழுதியிருப்பார். அதற்கு வடக்கே இருக்கிற கோபுரத்தில் 11.25க்கு எட்டு, இரண்டு இளசு, தெற்கிலிருந்து வந்ததாக இன்னொருவர் எழுதியிருப்பார். பதினாறு இல்லை, எட்டுதான். இப்படி ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுக் கழித்துக் கழித்துத்தான் கடைசி எண் வருகிறது. தான் பார்த்ததைக் கழித்துவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் நேரத்தையும் திசையையும் சரியாக எழுதியதால்தான் கழிக்கவே முடிந்தது, அந்த அளவுக்கு அவருடைய வேலை சுத்தம். ஒன்றுமே பார்க்காத இடத்தின் படிவமும் இங்கே வேலைக்கு வரும். இரண்டு இடத்துக்கும் நடுவில் இருக்கிற மேட்டில் அந்த நேரத்தில் எதுவும் தாண்டவில்லை என்று ஒருவர் உறுதியாக எழுதியிருந்தால், அவை ஒரே கூட்டமா வேறு வேறா என்று முடிவு செய்ய அதுவே துப்பு. எல்லாவற்றையும் விட, ஐந்து வருடம் கழித்து அந்த இடத்தில் பாறு தென்பட்டால், அது புதிதாக வந்தது என்று சொல்ல இன்றைய பூஜ்யம் வேண்டும். படிவமே இல்லை என்றால் பாறு இல்லையா, பார்க்க ஆள் இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

2023 பிப்ரவரியில் நடந்த முதல் கூட்டுக் கணக்கெடுப்பில் மூன்று மாநிலத்திலும் சேர்த்து 246 பாறுகள், அதே வருடம் டிசம்பர் கடைசியில் 320, பிறகு 2025இல் 390. செய்தித்தாளில் ‘பாறுகள் பெருகின’ என்று தலைப்பு வந்தது, எனக்கும் படிக்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வருடத்துக்குள் 74 கூடுகிற பறவை இல்லை இது. முட்டை இடுகிற வேகத்தைக் கொஞ்சம் முன்னால்தான் சொன்னேன். பிப்ரவரியும் டிசம்பரும் ஒரே பருவம் இல்லை, மூட்டம் போட்ட நாளும் வெயில் அடித்த நாளும் ஒன்றில்லை, ஆட்கள் உட்கார்ந்த இடங்கள் கூடினால் கண்ணில் படுவதும் கூடும். இந்த எண்களை நான் படிப்பது இப்படித்தான்: குறைந்தபட்சம் இவ்வளவாவது இருக்கின்றன. கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல, அதே இடங்களில், அதே பருவத்தில், அதே முறையில் பத்துப் பதினைந்து வருடம் தொடர்ந்து எண்ண வேண்டும். முதல் முறை ஆர்வமாக வந்துவிட்டு அடுத்த முறை காணாமல் போகிறவர்கள் ஏராளம். நடுவில் ஓரிரண்டு கணக்கெடுப்பு விட்டுப்போனாலும் பரவாயில்லை, திரும்ப வாருங்கள்.

வேட்டைத் தடுப்புக் காவலர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இருளர், குறும்பர் போன்ற அந்தக் காட்டு மக்களில் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள், பெரும்பாலும் தொகுப்பூதியத்தில். நாம் இரண்டு நாள் வந்துவிட்டுப் போகிறோம், அவர்கள் வருடம் முழுக்க நடக்கிறார்கள். எந்த மரத்தில் போன வருடம் கூடு இருந்தது, எந்தக் கிடாரி எங்கே செத்துக்கிடக்கிறது, அதில் பாறு இறங்கியதா என்று அவர்களுக்கு அத்துப்படி. கணக்கெடுப்பில் நாம் கற்றுக்கொடுக்கிற ஆள், அவர்கள் வழிகாட்டுகிற ஆள் என்ற பாவனையில் சிலர் நடந்துகொள்வதைப் பார்த்தால் கோபம் வருகிறது. படிவத்தில் பார்வையாளர் என்ற இடத்தில் அவர் பெயரை முதலில் எழுதுங்கள். அறிக்கையிலும் அவர்கள் பெயர் வர வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

எண்ணினால் மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு மருந்துக் கதையைச் சொல்ல வேண்டும். மாட்டுக்கு வலி, வீக்கம் என்றால் போடுகிற டைக்ளோபெனாக் ஊசிதான் பாறுகளைக் கொன்றது என்று பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004இல் வெளியிட்டார்கள். ஊசி போட்ட பிறகு செத்துப்போன மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியது போல ஈரலிலும் இதயத்திலும் வெள்ளையாகப் படிந்துவிடும். சில நாளில் சாவு. நூறு மாட்டுச் சடலத்தில் ஒன்றில் அந்த மருந்து இருந்தாலே இந்த இனம் இவ்வளவு வேகமாக அழியப் போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள், ஏனென்றால் ஒரே சடலத்தில் ஐம்பது நூறு கழுகுகள் இறங்கும். 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். பிறகும் மனிதர்களுக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2015இல் மனிதர்களுக்கான ஊசியை 3 மில்லி குப்பியில் மட்டுமே விற்கலாம் என்று உத்தரவு வந்தது, மருந்துக் கம்பெனிகள் அதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் 2017இல் உத்தரவு நிலைத்தது. கீட்டோபுரோபென், அசிக்ளோபெனாக் இரண்டும் கால்நடைக்கு 2023இல் தடை, அடுத்து நிமெசுலைடும். இந்த ஒவ்வொரு படிக்கும் பின்னால் எண்ணிக்கை இருந்தது.

மெலாக்சிகாம், டோல்பெனமிக் அமிலம் ஆகியவை பாறுக்குத் தீங்கில்லாத மாற்று மருந்துகள். மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவர்கள், உறவுக்காரர்கள் வளர்க்கிறவர்கள், அடுத்த முறை கால்நடை மருத்துவர் வரும்போது என்ன ஊசி என்று கேளுங்கள். மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கேட்டால் அவரும் மறுக்கப்போவதில்லை. காட்டை ஒட்டிய ஊர்களில் இன்னொரு ஆபத்து உண்டு. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால், ஆத்திரத்தில் அந்தச் சடலத்தில் பூச்சிமருந்தைத் தெளித்துவிடுகிறார்கள். புலி வருகிறதோ இல்லையோ, பாறு இறங்கும். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது, கறவை மாடு போனால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு அடி என்று தெரியாதவன் இல்லை நான். இழப்பீடு தாமதமில்லாமல் கைக்கு வந்தால் விஷம் வைக்கிற கை குறையும். கணக்கெடுப்புக்கு வருகிறபோது டீக்கடையில், பேருந்து நிறுத்தத்தில் அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசுங்கள், அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.

கூடு எங்கே இருக்கிறது என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்புகிறவர்களுக்கு: சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாறு குளிர்காலத்தில் கூடு கட்டி, கோடை வரை குஞ்சு வளர்க்கிறது. அந்த மாதங்களில் மரத்தடியில் ஆள் கூடினால் தாய் எழுந்துவிடும், முட்டை வெயிலில் காயும், இல்லையென்றால் காக்கை கொத்தும். ஒரு முட்டை போனால் அந்த ஜோடிக்கு அந்த வருடமே போச்சு. படம் எடுத்தால் பின்னணியில் மலைமுகடு தெரிகிற மாதிரி போடாதீர்கள், தெரிந்தவர்கள் அதை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கைபேசிப் படத்தில் ஜிபிஎஸ் இடம் பதிவாகியிருந்தால் நீக்கிவிட்டுப் பகிருங்கள். ட்ரோனைக் காட்டுக்குள் கொண்டுவரவே கூடாது, அது சட்டப்படியும் குற்றம். ஒரு நல்ல படத்துக்காக இந்தக் காட்டில் மிஞ்சியிருக்கிற ஒரு குஞ்சைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமை இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது.

சேர விரும்புகிறவர்கள் வனத்துறையின் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். இடங்கள் குறைவு, கேட்கிறவர்கள் அதிகம், அதனால் முன்பே களத்தில் பறவை பார்த்து இபேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியல் போட்டுப் பழகியவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அதற்கான பழக்கத்தை இன்றைக்கே உங்கள் ஊர் ஏரிக்கரையில் தொடங்கலாம். பொங்கல் சமயத்தில் நான்கு நாள் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததை எல்லாம் எழுதி ஏற்றினால் போதும், காக்கை மைனா முதற்கொண்டு. ஒவ்வொரு வருடமும் வனத்துறை ஈரநிலப் பறவைகளுக்கு ஒரு முறையும் நிலப்பறவைகளுக்கு ஒரு முறையும் நடத்துகிற கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள். 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 வகைப் பறவைகளை மதிப்பிட்டது, அதற்கு ஆதாரமாக இருந்தது ஏறத்தாழ 30,000 பேர் அனுப்பிய மூன்று கோடிப் பதிவுகள். அதில் பெரும்பாலோர் உங்களையும் என்னையும் போல வேறு வேலை பார்த்துக்கொண்டு விடுமுறையில் பைனாகுலரைத் தூக்குகிறவர்கள்தான்.

மாயாற்றுப் பக்கம் வருவதாக இருந்தால் பச்சை, பழுப்பு நிறத்தில் முழுக்கைச் சட்டை, தொப்பி, தண்ணீர் இரண்டு லிட்டர், உட்கார ஒரு தடித்த துணி, இரண்டு பேனா. வாசனைத் தைலம் எதுவும் பூசிக்கொள்ள வேண்டாம், யானைக்கு மோப்பம் அதிகம். காவலர் “எந்திரிங்க, போலாம்” என்று சொன்னால் எழுதிக்கொண்டிருக்கிற வரியை அப்படியே விட்டுவிட்டு ஏன் எதற்கு என்று கேட்காமல் எழுந்து நடங்கள். பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை மணி வரை வானத்தைப் பார்க்கவில்லை என்பதையும் படிவத்தில் எழுதிவிடுங்கள்.